நாற்பத்திரண்டு காசு என்னும் கணக்கு

சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போகிறோம். "கிலோ என்ன விலை?" என்று கேட்காமல் யாரும் பையை நீட்டுவதில்லை. தராசு முள் நேராக நிற்கிறதா என்பதையும் ஒரு கண் பார்த்துக் கொள்கிறோம். ஆனால் மின்சாரம் வாங்கும்போது இந்த எச்சரிக்கை நம்மிடம் இருப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு மொத்தத் தொகை வருகிறது. முணுமுணுத்துக் கொண்டே கட்டிவிடுகிறோம். அதில் எந்த யூனிட்டுக்கு என்ன விலை என்று பிரித்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

இந்தப் பழக்கம் இதுவரை நமக்குப் பெரிய நஷ்டம் எதையும் உண்டாக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலில் மின்சாரக் கார் வந்து நிற்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறிவிட்டது. பத்துப் பதினைந்து லட்ச ரூபாயை, பெரும்பாலும் கடனாக வாங்கி, ஒரு குடும்பம் இந்தக் காரில் போடுகிறது. அவ்வாறு போடத் தூண்டுவது பல சமயங்களில் ஒரே ஒரு கணக்குத்தான்: "வீட்டிலேயே மின்னேற்றம் செய்துகொள்ளலாம், கிலோமீட்டருக்கு ஐம்பது காசுகூட ஆகாது."

இந்தக் கணக்கு சரியா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் விமரிசிக்கப் போகிறோம். மின்சாரக் கார் நல்லதா கெட்டதா என்பது நம் கேள்வியன்று. கணக்குப் போட்ட முறை விஞ்ஞான முறைதானா என்பதே கேள்வி.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

ஓர் உண்மையான காரையே எடுத்துக் கொள்வோம். 2024 ஆகஸ்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த டாடா கர்வ் மின்சாரக் காரின் பெரிய மின்கல அடுக்கு 55 கிலோவாட் மணி ஆற்றலைத் தேக்கி வைக்கும். கிலோவாட் மணி என்பது நாம் அன்றாடம் சொல்லும் யூனிட்தான். 100 வாட் விளக்குகள் பத்தினை ஒரு மணி நேரம் எரித்தால் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட். ஆகவே இந்தக் காரின் வயிறு நிறைய 55 யூனிட் வேண்டும். அதிகாரபூர்வமான சோதனை முறைப்படி, ஒரு முறை நிரப்பினால் அது ஓடும் தூரம் 585 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டது.

இனி வகுத்தல்தான். 55ஐ 585ஆல் வகுத்தால், 100 கிலோமீட்டருக்கு 9.4 யூனிட். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் வீட்டு மின்சாரத்தின் கீழ்ப்படி விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. இரண்டையும் பெருக்கினால் 100 கிலோமீட்டருக்கு 42 ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு 42 காசு!

பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. பள்ளிக்கூடத்தில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கணக்குச் சரியாக இருப்பது வேறு. கணக்கில் இட்ட எண்கள் சரியாக இருப்பது வேறு. இந்தக் கணக்கில் மூன்று எண்கள் இருக்கின்றன. அவை மூன்றுமே தவறான இடத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

முதல் எண்: தூரம்

585 கிலோமீட்டர் என்பது பொய்யன்று. ஆனால் அது சோதனைக்கூடத்துத் தூரம். கார் உருளைகளின் மேல் நிறுத்தப்பட்டு, வகுத்து வைத்த ஒரு வேகத் திட்டப்படி ஓட்டப்படுகிறது. குளிர்சாதனம் இயக்கப்படுவதில்லை. எதிர்க்காற்று இல்லை, மேம்பாலம் இல்லை, திடீரென்று குறுக்கே வரும் மாடும் இல்லை. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட்டுப் பார்க்க இத்தகைய சோதனை மிகவும் தேவை. எல்லாக் கார்களுக்கும் ஒரே பரீட்சைத்தாள் கொடுப்பது போன்றது அது. ஆனால் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணை வாழ்க்கைக்கான உத்தரவாதமாகக் கொள்ள முடியுமா?

இதே காருக்கு அந்த நிறுவனமே இன்னொரு தூரத்தையும் வெளியிட்டது. வாடிக்கையாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடிய தூரம் 400 முதல் 425 கிலோமீட்டர் என்பது அது. பாராட்ட வேண்டிய நேர்மை இது. ஆனால் காசுக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த எண்ணைத் தொடுவதில்லை. பெரிய எண் அருகிலேயே இருக்கும்போது சிறிய எண்ணை யார் எடுப்பார்கள்?

நாம் நடுவில் 410 என்று வைத்துக் கொள்வோம். 55ஐ 410ஆல் வகுத்தால் 100 கிலோமீட்டருக்கு 13.4 யூனிட். 9.4 எங்கே, 13.4 எங்கே!

இரண்டாவது எண்: யூனிட்

மின்கலத்தில் சேர்ந்த யூனிட்டுக்கு நாம் பணம் கட்டுவதில்லை. சுவரில் உள்ள மீட்டரில் ஓடிய யூனிட்டுக்குத்தான் கட்டுகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

கிணற்றிலிருந்து குடத்தில் நீர் கொண்டு வருகிறீர்கள். வழியில் கொஞ்சம் தளும்பிக் கொட்டிவிடுகிறது. வீட்டுத் தொட்டியில் சேர்ந்தது, கிணற்றில் இறைத்ததைவிடக் குறைவு. மின்னேற்றத்திலும் அப்படித்தான். வீட்டுக்கு வருவது திசைமாறும் மின்னோட்டம். மின்கலம் ஏற்பது நேர்மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது. அது வேலை செய்யும்போது சூடாகிறது. மின்கலத்துக்கும் உள்தடை உண்டு. அதிலும் வெப்பம் தோன்றும். இதோடு, மின்னேற்றம் நடக்கும் நேரம் முழுவதும் காரின் கட்டுப்பாட்டுக் கருவிகள் விழித்திருக்க வேண்டும். அவற்றுக்கும் தீனி வேண்டும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் மெதுவாக ஏற்றினால், கருவிகள் விழித்திருக்கும் நேரம் நீளும். ஆகவே வீணாகும் விகிதமும் கூடும்.

இவ்வாறு சுவரிலிருந்து எடுப்பதில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை வழியில் வெப்பமாகப் போய்விடுவது சாதாரணம். எனவே மின்கலத்தில் 13.4 யூனிட் சேர, மீட்டரில் ஏறத்தாழ 15 யூனிட் ஓடும். இனி நம் கணக்குக்கு இந்த 15ஐயே வைத்துக் கொள்வோம்: 100 கிலோமீட்டருக்கு மீட்டரில் 15 யூனிட்.

மூன்றாவது எண்: விலை

எல்லாவற்றிலும் பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது. முதல் இரண்டையும் ஓரளவு படித்தவர்கள் கவனித்துவிடுகிறார்கள். இதை மட்டும் நன்கு கணக்குத் தெரிந்தவர்கள்கூடத் தவற விடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. படிப்படியாக ஏறும் விலை. 2022 செப்டம்பர் 10ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பட்டியலைப் பாருங்கள். இரண்டு மாதப் பயன்பாட்டுக்கு, முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 400 வரை யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 501 முதல் 600 வரை 8 ரூபாய். 601 முதல் 800 வரை 9 ரூபாய். 801 முதல் 1000 வரை 10 ரூபாய். அதற்கு மேல் 11 ரூபாய். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு இன்னொரு சலுகையும் உண்டு: 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குப் பாதி விலை, அதாவது 2 ரூபாய் 25 காசுதான். 2024 ஜூலையில் இந்த விகிதங்கள் சற்று உயர்த்தப்பட்டன. எனினும் மனக்கணக்குக்கு எளிதாக இருப்பதால் 2022ஆம் ஆண்டு எண்களையே இங்கு எடுத்துக் கொள்கிறோம். உங்கள் வீட்டுக்குக் கணக்குப் போடும்போது உங்கள் ரசீதில் உள்ள விகிதங்களை இட்டுக் கொள்ளுங்கள். போடும் முறை ஒன்றுதான்.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி, கோடையில் சிறிது குளிர்சாதனம் எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஆகிறது. கட்டணம்: முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 225 ரூபாய், அதற்கடுத்த இருநூறுக்கு 900 ரூபாய். மொத்தம் 1,125 ரூபாய்.

இந்த வீட்டுக்கு ஒரு மின்சாரக் கார் வருகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர். அதற்கு 300 யூனிட். வீட்டின் மொத்தப் பயன்பாடு இப்போது 700 யூனிட். கட்டணத்தைப் போடுங்கள்: முதல் நூறு இலவசம், அடுத்த முந்நூறுக்கு 1,350, அடுத்த நூறுக்கு 600, அடுத்த நூறுக்கு 800, கடைசி நூறுக்கு 900. மொத்தம் 3,650 ரூபாய்.

காருக்கு முன் 1,125. காருக்குப் பின் 3,650. வித்தியாசம் 2,525 ரூபாய். காருக்கான செலவு இதுதான், வேறெதுவும் அன்று. 300 யூனிட்டால் வகுத்தால் யூனிட் ஒன்றுக்கு 8 ரூபாய் 42 காசு. 2,000 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 26 காசு.

விளம்பரக் கணக்கு சொன்னது 42 காசு. உண்மை அதைப் போல் மூன்று மடங்கு.

ஏன் இப்படி? விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் ஏற்கெனவே அடிப்படிகளில் உட்கார்ந்துவிட்டன. பிறகு வந்த காருக்கு மேல்படிகளில்தான் இடம். பொருளாதார நூல்களில் இதை இறுதிநிலைச் செலவு என்பார்கள். ஒரு புதிய பொருளின் செலவை அறிய, அது இல்லாதபோது என்ன கட்டினோம், வந்த பிறகு என்ன கட்டுகிறோம் என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

500 யூனிட் என்ற எல்லையில் இது இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. 500 யூனிட் வரை பயன்படுத்தினால் கட்டணம் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் கட்டணம் 1,958 ரூபாய். பாதி விலைச் சலுகை அந்தக் கணத்தில் மறைந்துவிடுகிறது. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! கார் வைத்திருக்கும் வீட்டில் அந்த ஒரு யூனிட், ஆறேழு கிலோமீட்டர் ஓடுவதற்குத்தான் காணும்.

ஒரே கார், ஐந்து விலை

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். மேலே கண்ட 1 ரூபாய் 26 காசும் எல்லோருக்கும் பொருந்தும் எண் அன்று. அதே கார், அதே சாலை, அதே 300 யூனிட். வீட்டை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

கார் வருமுன் 100 யூனிட் பயன்படுத்தும் வீடு: கூடுதல் கட்டணம் 1,125 ரூபாய், கிலோமீட்டருக்கு 56 காசு.

200 யூனிட் வீடு: கூடுதல் 1,500 ரூபாய்; கிலோமீட்டருக்கு 75 காசு.

400 யூனிட் வீடு: கூடுதல் 2,525 ரூபாய், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 26 காசு.

700 யூனிட் வீடு: கூடுதல் 2,900 ரூபாய், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 45 காசு.

1000 யூனிட் வீடு: கூடுதல் 3,300 ரூபாய், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 65 காசு.

ஆகவே "இந்தக் கார் கிலோமீட்டருக்கு எத்தனை காசு?" என்ற கேள்வியே முழுமையான கேள்வியன்று. "எந்த வீட்டில்?" என்ற சொல் அதில் விடுபட்டிருக்கிறது. வீட்டைச் சொல்லாமல் காசை மட்டும் சொல்கிறவர், நோயாளியைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுகிறவர்தான்.

மறுபக்கத்துத் தவறு

இதுவரை காரை விற்கிறவர்களின் கணக்கைக் குறை கூறினோம். நியாயமாக, காரை வெறுக்கிறவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். அவர்கள் என்ன செய்கிறார்கள்? 3,650 ரூபாய் ரசீதைத் தூக்கிக் காட்டி, "2,000 கிலோமீட்டருக்கு இவ்வளவா? கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 83 காசு!" என்கிறார்கள். வீட்டு விசிறிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் ஆன செலவைக் காரின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். வேறு சிலர், உச்சப்படியான 11 ரூபாயை எல்லா யூனிட்டுக்கும் இட்டுப் பெருக்குகிறார்கள். கீழ்ப்படி விலையை எல்லா யூனிட்டுக்கும் இடுவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இதுவும்.

பெட்ரோலோடு ஒப்பிட்டால் உண்மை தெளிவாகும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொள்வோம். 2,000 கிலோமீட்டருக்கு 125 லிட்டர், 12,500 ரூபாய். நம் 400 யூனிட் குடும்பத்துக்கு மின்சாரச் செலவு 2,525 ரூபாய். மூன்று தவறுகளையும் திருத்திய பிறகும் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 10,000 ரூபாய் மிச்சம்!

இதுதான் நமக்கு வியப்பளிக்கிறது. உண்மையே இவ்வளவு நன்றாக இருக்கும்போது, அதை ஏன் மிகைப்படுத்த வேண்டும்? 42 காசு என்று நம்பி வாங்கியவர் முதல் ரசீதைப் பார்த்ததும் ஏமாற்றமடைகிறார். உண்மையில் அவருக்கு லாபந்தான். ஆனாலும் ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறார். அக்கம்பக்கத்தாரிடமும் அப்படியே சொல்கிறார். பொய்யான எண் நல்ல பொருளுக்குத் தேடித் தரும் கெட்ட பெயர் இது.

குறைவாக ஓட்டுகிறவரின் நிலை வேறு. மாதம் 200 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார் என்றால், அவருக்கு மாதத்தில் மிச்சமாவது ஓராயிரம் ரூபாய் அளவே. அதற்காகக் கூடுதல் விலை கொடுத்து மின்சாரக் கார் வாங்குவதா என்பதை அவர் பொறுமையாக யோசிக்க வேண்டும். கிலோமீட்டருக்கு இத்தனை காசு என்ற எண் அவருக்கு இதைச் சொல்லாது.

படிகளைப் பற்றி ஒரு சொல்

மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வாகன உரிமையாளர் தம் வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பைக் கொண்டே மின்னேற்றம் செய்து கொள்ளலாம். வசதியான ஏற்பாடுதான். ஆனால் காருக்கென்று தனிக் கணக்கு இல்லாதபோது, அதன் யூனிட்டுகள் வீட்டுப் படிகளில்தான் ஏற வேண்டியிருக்கிறது. ஏழை வீட்டு விளக்குக்கு மலிவாகவும், அதிகமாகச் செலவிடும் வீட்டுக்கு விலை கூடுதலாகவும் அமைந்த படிகள் அவை. பெட்ரோலை விட்டு மின்சாரத்துக்கு வந்தவரை அவை பிரித்து அறிவதில்லை. டில்லியில் 2019ஆம் ஆண்டிலேயே மின் வாகனங்களுக்கென்று தனி விகிதமாக, தாழ்வழுத்த இணைப்புக்கு யூனிட் 4 ரூபாய் 50 காசு என்று வகுத்தார்கள். எது சிறந்தது என்பது வாதத்துக்குரியது. ஆனால் கிலோமீட்டருக்கு ஆகும் காசு காருக்குள் மட்டும் தீர்மானமாவதில்லை, விலைப் பட்டியல் வகுக்கும் மேசையிலும் தீர்மானமாகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

படிகள் ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்குந்தான். 75 வாட் எடுக்கும் பழைய விசிறிகள் மூன்றினை மாற்றி, 30 வாட் எடுக்கும் புதிய விசிறிகளைப் போடுகிறீர்கள். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 120 யூனிட் மிச்சம். 700 யூனிட் வீட்டில் இந்த மிச்சம் உச்சியிலிருந்து கழியும். கட்டணம் 3,650லிருந்து 2,590 ஆகிவிடும். 1,060 ரூபாய் லாபம். காரில் எதையும் தொடாமலே கார் வந்ததால் ஏறிய செலவில் ஐந்தில் இரண்டு பங்கைக் குறைத்துவிட்டீர்கள்!

நீங்களே அளந்து பாருங்கள்

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மின்சார ஸ்கூட்டரோ காரோ இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கொள்ளுங்கள். மின்னேற்றத்தைத் தொடங்குமுன் மீட்டரில் உள்ள எண்ணைக் குறியுங்கள். முடிந்தபின் மறுபடியும் குறியுங்கள். அந்த நேரத்தில் வீட்டின் மற்றக் கருவிகளை முடிந்த வரை நிறுத்தி வையுங்கள். ஓடிய தூரத்தை வண்டியின் தூரமானியிலிருந்து எடுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். மீட்டரில் ஓடிய யூனிட்டை ஓடிய தூரத்தால் வகுத்தால் கிடைப்பது உங்கள் எண். எந்த விளம்பரமும் அதை மாற்ற முடியாது. பிறகு வீட்டு ரசீதை எடுத்து, வண்டி இல்லாமலிருந்தால் கட்டணம் எவ்வளவு, இருப்பதால் எவ்வளவு என்று இரண்டு முறை கணக்கிட்டுக் கழியுங்கள்.

அடுத்த முறை யாராவது "கிலோமீட்டருக்கு இத்தனை காசுதான்" என்று சொன்னால் கோபிக்கவும் வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள்: "எந்தச் சாலையில் ஓடிய தூரம்? எந்த மீட்டரில் ஓடிய யூனிட்? எந்தப் படியில் வாங்கிய மின்சாரம்?" மூன்றுக்கும் விடை சொல்கிறவரின் கணக்கை நம்பலாம். சொல்லாதவரிடம், கத்தரிக்காய்க்காரரிடம் பேசுவது போலப் பேரம் பேசுங்கள்.